விதி செல்லும் தூரம்

மணப்பாடு

அன்பு மருமகளுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பியிருந்த நீளமான புலம்பலைப் படித்தேன். அந்தச் சின்னக் கண்ணாடியில் தட்டித் தட்டிப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். மேஜர் இயற்பியல், அலைடு கணிதமும் வேதியியலும், அது போதாதென்று பொருளாதாரத்தில் ஒரு விருப்பப் பாடம். செமஸ்டர் முடிந்ததும் எல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம் என்கிறாய். இதில் எது நம் வாழ்க்கைக்கு ஒட்டும் என்றும் கேட்கிறாய்.

கற்றது வீண்போகாது என்று ஒரு பொன்மொழி எழுதி அனுப்பலாம்தான். ஆனால் எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. படித்ததில் பாதிக்கு மேல் வீணாகத்தான் போகிறது. விதியை மனப்பாடம் செய்கிறோம். அந்த விதி எந்த நிபந்தனையில் செல்லும் என்கிற வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். பரீட்சைத் தாள் நமக்குச் சலுகை காட்டுகிறது. 'வெப்பநிலை மாறவில்லை எனக் கொள்க' என்று கேள்வியிலேயே எழுதித் தந்துவிடுகிறது. வெளியே யாரும் அப்படி எழுதித் தருவதில்லை. நிபந்தனை இருக்கிறதா என்று நாமே பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை, பாடம் வாழ்க்கைக்குள் நுழைகிற வாசல் அதுதான்.

பாயில் விதியை எடுத்துக்கொள். வெப்பநிலை மாறாதபோது, குறிப்பிட்ட நிறையுள்ள ஒரு வாயுவின் கன அளவு அதன் அழுத்தத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். எழுதினால் ஐந்து மதிப்பெண். நம் முன்னோர் இந்த விதிக்குள்ளேயே இறங்கி ஏறிப் பிழைத்தவர்கள். சலாபம் என்கிற முத்துக் குளிப்புக் காலத்தில் குளியாள் கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து பத்துப் பாக ஆழத்துக்குப் போவார். பத்துப் பாகம் என்றால் ஏறத்தாழ 18 மீட்டர். கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். கணக்குக்கு வசதியாக 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மூன்று மடங்கு. மேலே 6 லிட்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு போனவருக்கு அங்கே அது 2 லிட்டராகச் சுருங்கும். ஏறி வர வர மறுபடி விரிந்து பழைய அளவுக்கு வந்துவிடும். கொண்டுபோன காற்றுதான் திரும்பி வருகிறது. செவிப்பறை கிழிந்தவர்களும் சுறாவிடம் அகப்பட்டவர்களும் உண்டு. மேலே வருவதற்குள் மூச்சு போனவர்களும் உண்டு. ஆனால் காற்று விரிந்து நுரையீரல் கிழிகிற ஆபத்து அவர்களுக்கு இல்லை.

இன்று தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்களில் பலர் கம்ப்ரசரை நம்பி இறங்குகிறார்கள். படகில் எஞ்சின் ஓடுகிறது, கம்ப்ரசர் காற்றடிக்கிறது, நீண்ட குழாய் வழியாக அந்தக் காற்று அடியில் இருப்பவர் வாய்க்குப் போகிறது. தாத்தா ஒன்றரை நிமிடம் தங்கிய இடத்தில் பேரன் மணிக்கணக்கில் தங்கலாம். கடல் அதேதான், ஆழமும் அதேதான். விதியில் நாம் தாண்டிப் போன அந்த வரி மட்டும் இப்போது பொருந்தவில்லை: 'குறிப்பிட்ட நிறையுள்ள வாயு'. 20 மீட்டரில் குழாய்க் காற்றை நெஞ்சு நிறைய இழுக்கிறவரிடம் 6 லிட்டரும் மூன்று மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு அவர் மேலே வந்தால் அது 18 லிட்டராக விரியப் பார்க்கும். நெஞ்சில் அதற்கு இடமில்லை. மூச்சை அடக்குவது தாத்தாவுக்கு உயிர் காத்தது, பேரனுக்கு எமன்.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. இங்கே உன் அலைடு வேதியியல் வந்து நிற்கிறது. அழுத்தம் கூடக் கூட ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும் என்று ஹென்றி விதி படித்திருப்பாய். ஒரு மணி நேரம் அடியில் கிடந்தவரின் ரத்தத்திலும் கொழுப்பிலும் நைட்ரஜன் ஏறியிருக்கும். மெல்ல வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். விறுவிறுவென்று வந்தால் கோலியைத் தட்டிய சோடாதான், குமிழியாகப் பொங்கும். மூட்டில் பொங்கினால் வலி. தண்டுவடத்தில் பொங்கினால் கால் விளங்காமல் போகும். நீ இயற்பியல் நோட்டையும் வேதியியல் நோட்டையும் தனித்தனி அட்டை போட்டு வைத்திருக்கிறாய். அந்த மனிதரின் உடம்புக்குள் இரண்டும் ஒரே நிமிடத்தில் நடக்கின்றன. அதோடு, காற்று உறிஞ்சும் வாய் எஞ்சின் புகைக்குழாய்க்கு அருகில் இருந்துவிட்டால் கார்பன் மோனாக்சைடும் குழாய் வழியாக இறங்கும்.

பொருளாதாரம் எங்கே என்று கேட்பாய். அந்தக் கயிற்றிலேயே இருக்கிறது. குளியாளின் கயிற்றை மேலே பிடித்திருப்பவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்று நம் கரையில் சொல்வார்கள். கயிற்றை நழுவ விட்டால் தாலி அறுப்பது அவருடைய கூடப்பிறந்தவள். ஒருவர் உயிரை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும்போது, அந்த இன்னொருவர் ஒழுங்காக வேலை செய்ய என்ன காரணம் இருக்கிறது என்று உன் பாடநூல் ஒரு அத்தியாயம் முழுக்கக் கேட்கும். நம் ஆட்கள் அதை மச்சானை வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். (உன் அப்பாவுக்கு நான் மச்சான் என்பதை அவரிடம் அவ்வப்போது நினைவுபடுத்து.)

அடுத்து புள்ளியியல். இதில் கொஞ்சம் நின்று பேச ஆசை, ஏனென்றால் ஒரு கம்பெனியே இதில் மூழ்கியது. சலாபம் நடத்துவதா வேண்டாமா என்று தீர்மானிக்க அந்தக் காலத்தில் ஒரு முறை வைத்திருந்தார்கள். சிப்பி ஒட்டி வளரும் கடலடிப் பாரிலிருந்து ஆயிரக்கணக்கில் சிப்பியை மாதிரிக்கு எடுப்பார்கள். அதை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். பிறகு வியாபாரிகள் உட்கார்ந்து ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று சொல்வார்கள். எடை இரட்டித்தால் விலை நாலு மடங்கு என்று வர்க்கக் கணக்கில் முத்தை மதிப்பிடும் பழக்கமும் இருந்தது. நீ வரைபடத்தாளில் போடுகிற பரவளையம் அதுதான். மாதிரி, சராசரி, சார்பு எல்லாமே அழுகிய சிப்பி நாற்றத்துக்கு நடுவே நடந்தன.

எதிர்க்கரையில், இலங்கையின் மன்னார்ப் பாரில், 1903 முதல் சலாபம் அமோகமாக நடந்தது. 1905-ல் மட்டும் சுமார் 8 கோடி சிப்பி. ஏலத்தில் 25 லட்ச ரூபாய். இதைப் பார்த்து லண்டனில் ஒரு கம்பெனி கிளம்பியது. 1906-ல் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் குத்தகைக்கு 20 ஆண்டுகளுக்குப் பாரை எடுத்தது. கம்பெனியின் கடைசிச் சலாபம் 1907-ல் நடந்தது. அதோடு சரி. சிப்பி போய்விட்டது. 1912-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

படிக்காதவர்கள் செய்த காரியம் இல்லை இது. ஹெர்ட்மன் என்கிற பெரிய கடல் உயிரியல் பேராசிரியரே 1902-ல் வந்து அந்தப் பாரை ஆராய்ந்திருந்தார். மாதிரி எடுப்பதிலும் பிசகில்லை. இன்று பாரில் என்ன இருக்கிறது என்று மாதிரி சொல்லும். இருபது வருடத்துக்கு என்ன இருக்கும் என்று அது சொல்லாது. சிப்பிக் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து வந்து பாரில் ஒட்ட வேண்டும். மணல் மூடக் கூடாது. திருக்கையும் கிளாத்தியும் தின்று தீர்க்கக் கூடாது. இவ்வளவும் கூடி வந்தால் நாலைந்து வருடத்தில் முத்து. 1891-க்குப் பிறகு 1903 வரை அங்கே சலாபமே நடக்கவில்லை என்பது பழைய பதிவேட்டில் இருந்தது. கண்ணுக்கு முன்னால் இருந்த கொழுத்த வருடங்களை வைத்துக் கோடு இழுத்தார்கள். வெறும் வருடங்களையும் சேர்த்துப் போட்டிருந்தால் கோடு வேறு மாதிரி போயிருக்கும். நம் தூத்துக்குடிக் கரையிலும் 1955-லிருந்து தொடர்ந்து நல்ல சலாபங்கள் நடந்தன, 1961-தான் கடைசி. 1973-ல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து முத்து எடுத்துக் காட்டியது அதற்குப் பிந்திய கதை.

யாராவது ஒரு சிட் ஃபண்டையோ நிலத்தையோ காட்டி, மூன்று வருடமாக இரட்டிப்பாகிறது என்று உன் தோழியின் அப்பாவிடம் சொன்னால், இந்தக் கம்பெனியை நினைத்துக்கொள்.

விதியின் நிபந்தனையை மறக்கும் பழக்கம் ராக்கெட் விஷயத்திலும் உண்டு. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஏன் அங்கே என்று டீக்கடையில் கேட்டால், நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். பாதிப் பாடம் அது. பூமி சுழலும் வேகத்தைக் கடன் வாங்குவது கிழக்கே ஏவும்போதுதான். குலசையிலிருந்து சிறிய ராக்கெட்டுகளைத் தெற்கே, துருவச் சுற்றுப்பாதைக்கு அனுப்பப்போகிறார்கள். அதில் அந்தக் கடன் உதவாது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் இலங்கைக்கு மேல் போகும். அதனால் ஒதுங்கிப் போய்த் திரும்ப வேண்டும். வேகத்தின் திசையைத் திருப்ப எரிபொருள் செலவாகும். பெரிய ராக்கெட் தாங்கும். 500 கிலோ சுமக்கிற சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து தெற்கே வெறும் கடல். முதல் செமஸ்டரில் நீ போட்ட திசையன் கணக்குத்தான் இது. ஏவுகிற நாளில் கடலுக்குப் போகாமல் நிற்கும் வள்ளங்களுக்கு என்ன ஈடு என்பது பொருளாதாரமும் சட்டமும் சேர்ந்த கேள்வி. அதை டீக்கடையில் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

பொருளாதாரம் என்றதும், ஓலைப்பெட்டி முடையும் நம்மூர்ப் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை போடும்போது ஓலைக்கும் சாயத்துக்கும் கணக்கு வருகிறது. உட்கார்ந்து முடைந்த மணி நேரம் வருவதில்லை. வாய்ப்புச் செலவு என்று நீ இரண்டு பக்கம் எழுதியிருப்பாய். லீவில் வரும்போது உன் பெரியம்மாவுக்கு ஒரு பெட்டியின் அடக்கவிலையைத் தாளில் போட்டுக் காட்டு. ஏச்சு விழும், பொறுத்துக்கொள்.

கடைசியாக, நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயம். கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு சேர்ந்து வள்ளங்கள் தட்டுவது நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நம் ஊருக்குத் தலைவலி. கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் தீரும் என்கிறார்கள். தீரலாம். ஆனால் கல்லைக் கொட்டினால் மணல் காணாமல் போய்விடாது, இடம் மாறி உட்காரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அலை தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளுகிறது. வாடைக் காலத்தில் திருப்பித் தள்ளுகிறது. வருடக் கணக்கில் கூட்டிக் கழித்தால் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் வடக்கேதான் போகிறது. குறுக்கே கல் போட்டால் தென்பக்கம் மணல் சேரும். வடபக்கம் கடல் கரையைத் தின்னும். சென்னையில் துறைமுகம் கட்டினார்கள்: தெற்கே மெரினா அகலமாக விரிந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த காரியத்துக்கு வடசென்னைக் குப்பங்கள் இன்னும் விலை கொடுக்கின்றன. எல்லாக் கரைக்கும் இந்தக் கணக்கு அப்படியே செல்லுமா என்றால், அங்கேயும் நிபந்தனை உண்டு. நம் ஊரில் கோயில் நிற்கும் குன்று கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது; பக்கத்தில் ஆற்று வாய்; ஆற்றில் தண்ணீர் வருவதோ மழைக் காலத்தில் சில நாள். நேர்கோட்டுக் கரைக்கு எழுதிய சூத்திரத்தை வளைந்த கரைக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது.

மூன்றாம் வருடத்தில் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்றாயே, இதை எடு. இணையத்தில் கிடைக்கும் பழைய செயற்கைக்கோள் படங்களை வருட வாரியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே மாதப் படத்தைத் தேர்ந்து திட்டின் நீள அகலத்தை அள. கச்சான் மாதப் படத்தையும் வாடை மாதப் படத்தையும் கலந்தால் கணக்கு நாறிவிடும். பிறகு நோட்டோடு கடற்கரைக்கு வா. எந்த மாதம் எந்த இடத்தில் அடி தட்டுகிறது என்று வள்ளக்காரர்களைக் கேள். அவர்கள் பாகத்தில் சொல்வதை மீட்டருக்கு நீ மாற்றிக்கொள்; அவர்களை மீட்டரில் பேசச் சொல்லாதே. உன் படமும் அவர்கள் சொல்வதும் ஒத்துப்போகாத இடங்களைத் தனியாகக் குறித்து வை. எனக்கு அந்தப் பக்கம்தான் வேண்டும்.

நம் கோயிலின் சிலுவைத் திருவிழா செப்டம்பர் 14-ல் முடிகிறது. வெளியூரில் இருக்கும் வள்ளக்காரர்களும் அதற்கு ஊருக்கு வந்திருப்பார்கள். இரண்டு நாள் முன்னதாகவே புறப்பட்டு வா. வரும்போது அலைடு கணித நோட்டையும் எடுத்து வா, பின்னடைவுக் கோடு போடுவது எனக்கு மறந்துபோய்விட்டது.

உன் மாமா