வெள்ளை வளையமெல்லாம் புற்றல்ல

காஞ்சிபுரம்

தம்பிக்கு,

மூளைக்குப் பரவிய புற்று எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாகத் தெரிவது கான்ட்ராஸ்ட் ஊசியால். ஊசியிலுள்ள கடோலினியம் புற்றைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் சாயம் என்று படித்தவர்களே சொல்லித் திரிகிறார்கள். அபத்தம். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் கடோலினியத்தை வெளியே விடாது. சுவர் பழுதான இடத்தில் அது கசியும். கட்டியில் படம் காட்டுவது அந்தக் கசிவை மட்டும்தான். கசிவுக்குக் காரணம் புற்றோ, காசநோய்க் கட்டியோ, நாடாப்புழுவின் இளம்பருவமோ, சீழோ, எதுவாகவும் இருக்கலாம்.

நுரையீரல், மார்பகம், சிறுநீரகம் முதலிய இடங்களின் புற்றுச் செல்கள் ரத்தத்தோடு வந்து, மூளையின் சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் சேரும் எல்லையில் அதிகம் தங்கும். கோர்வைச் சேலையில் கரையும் உடலும் பூட்டிக்கொள்ளும் வரி போன்றது அந்த எல்லை; ரத்தக்குழாய்கள் அங்கே சட்டென்று குறுகுகின்றன. சிறு கட்டி தப்பாதிருக்க, ஒரு மில்லிமீட்டர் தடிமனில் படமெடுப்பார்கள். ரத்தக்குழாயின் குறுக்குவெட்டும் வெள்ளைப் புள்ளியாகவே தெரியுமாதலால், ஓடும் ரத்தத்தைக் கறுப்பாக்கிவிடும் முறையும் உண்டு.

கட்டி வெள்ளை வளையமாகத் தெரிவதுதான் சிக்கல்; அது புற்றா, வேறொன்றா என்று பிரித்தறிய வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் ராஜசேகர், சாண்டி குழுவினர் 1993-ல் வெளியிட்ட அளவுகோல் இங்கே படித்தே ஆகவேண்டியது. வலிப்போடு வருபவரின் ஒற்றைக் கட்டி 20 மி.மீ.க்கு மேற்படாமல், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல், தலைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறி இல்லாமல் இருந்தால், அது காசநோய்க் கட்டியல்ல, நாடாப்புழுக் கட்டி என்று கொள்ளலாம். சி.டி. ஸ்கேனை வைத்தே வகுத்தது இது! புற்றுநோயாளிக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் அயல்நாட்டுப் பாடநூலை உருப்போட்டுவிட்டு இதைத் தொடாமலே ஸ்கேன் படிக்க உட்காருவது பொறுக்கத்தக்கதல்ல.

எம்.ஆர்.ஐ. இன்னும் உள்ளே போகிறது. வளையத்துக்குள் ஓரமாக ஒரு புள்ளி தெரிந்தால் அது புழுவின் தலை. திசுவின் வேதிப்பொருள்களைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோபியில் கொழுப்பின் முகடு மட்டும் ஓங்கி நின்றால் காசநோய்க் கட்டியை நினைக்கவேண்டும். திசுவில் நீரின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் சீழ் பளிச்சிடும். நடுவில் அழுகிய புற்றுக்கட்டி வழக்கமாகப் பளிச்சிடாது. பெர்ஃப்யூஷன் ரத்த ஓட்டத்தை அளக்கிறது. கட்டியைச் சுற்றிய வீக்கத்திலும் ரத்தம் மிகுந்திருந்தால், அது மூளையிலேயே தோன்றி ஊடுருவும் க்ளியோமாவாக இருக்கலாம். பரவி வந்த புற்றைச் சுற்றி இருப்பது வெறும் நீர்வீக்கம். கதிர்வீச்சுக்குப் பின் திசு கருகிய இடமும் கசியும், ஆனால் அங்கே ரத்த ஓட்டம் குறைவு.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் நின்றால் பயாப்ஸிதான். அமெரிக்காவில் பாட்செல் குழு 1990-ல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைக் கட்டி பரவிய புற்றே என்று கருதப்பட்ட 54 பேரில் 6 பேருக்கு, திசுவைப் பார்த்தபோது, இருந்தது வேறொரு புதுக் கட்டியோ அழற்சியோ கிருமித்தொற்றோதான்.

அன்புடன்,
ஆசிரியர்