பழைய லாரி இன்ஜின் வாங்கப் போறீங்களா? முதலில் பிளாக் நம்பரைப் படிங்க!

தை பிறந்துவிட்டால் பூதலூர் வட்டாரத்தில் லாரிகளுக்கு ஓய்வு கிடையாது. சம்பா அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு மூட்டைகள் போய்க்கொண்டே இருக்கும். ஒரே ஒரு லாரியை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்த நேரம் பார்த்து இன்ஜின் 'சீஸ்' ஆகிவிட்டால்? புது இன்ஜின் விலை கட்டுப்படியாகாது. பிளாக்கே விரிசல் விட்டிருந்தால் ரீ-போர் பண்ணியும் பிரயோஜனம் இல்லை. "பழைய இன்ஜின் ஒண்ணு இருக்குண்ணே, ரெண்டே நாள்ல மாட்டி ஓட்டிரலாம்" என்று யாராவது வந்து சொல்வார்கள்.

அவர் சொல்வதில் தப்பில்லை. பழைய இன்ஜின் வாங்குவது சட்டப்படி குற்றம் கிடையாது. ஆனால் "ஸ்டார்ட் ஆகுதா, புகை அடிக்குதா" என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி அந்த இன்ஜினின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணில் இருக்கிறது. மாட்டிய பிறகு அந்த எண் உங்கள் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் எஃப்.சி. நிற்கும். விபத்து நடந்தால் காப்பீட்டுத் தொகை கேட்கும்போது கேள்வி வரும். இன்ஜின் திருட்டு லாரியிலிருந்து வந்திருந்தால் அறுவடை நேரத்தில் உங்கள் லாரி காவல் நிலைய வாசலில் நிற்கும்.

எண் எங்கே இருக்கும்?

ஹெட், சம்ப், டீசல் பம்ப், டர்போ எல்லாம் கழற்றி மாற்றக்கூடிய உதிரிகள். அதனால் இன்ஜினின் அடையாளம் பிளாக்கில்தான். பக்கவாட்டில், இழைத்து மட்டமாக்கிய ஒரு சிறு பட்டையில் எண் குத்தியிருக்கும். எந்தப் பக்கம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் மூடியிருப்பதால் டீசலில் நனைத்த துணி, பித்தளை பிரஷ், டார்ச் லைட் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். தகட்டில் ஆணியடித்து ஒட்டியிருக்கும் எண்ணை நம்பவே நம்பாதீர்கள். தகட்டைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

துடைத்த பிறகு விரலால் தடவிப் பாருங்கள். சுற்றிலும் வார்ப்பு இரும்பு சொரசொரப்பாக இருக்க, எண் உள்ள இடத்தில் மட்டும் குழி விழுந்திருக்கிறதா? அரம் தேய்த்த கோடுகள் தெரிகிறதா? எழுத்துகள் ஏறி இறங்கி, ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலோட்டமாகவும் இருக்கின்றனவா? இன்ஜின் முழுக்கத் துரு, எண் பக்கம் மட்டும் புது பெயின்ட் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். தேய்த்து அழித்த எண்ணையும் தடய அறிவியல் ஆய்வகத்தில் அமிலக் கரைசல் தடவி வெளியே கொண்டுவர முடியும். எண் குத்தியபோது அடியில் இருக்கும் உலோகமும் அழுந்தியிருக்கும். மேலே தேய்த்தாலும் அந்த அழுத்தம் போகாது. ஆகவே "யாருக்குண்ணே தெரியப் போகுது?" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

697 என்றால் என்ன?

நம் ஊர் லாரிகளில் பெரும்பாலும் டாடா, அசோக் லேலண்ட்தான். டாடா நிறுவனம் 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் கூட்டு சேர்ந்து லாரி தயாரிக்கத் தொடங்கியது. அந்த ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. பழைய டிரைவர்கள் டாடா லாரியை 'பென்ஸ் வண்டி' என்று சொல்வதற்கு இதுதான் காரணம். இன்ஜினுக்கு எண்களால் பெயர் வைக்கும் பழக்கமும் அங்கிருந்து தொடர்ந்து வருகிறது.

டாடா 697 இன்ஜினில் முதல் எண் 6, சிலிண்டர்களின் எண்ணிக்கை. அடுத்த 97, சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். 692 என்றால் ஆறு சிலிண்டர், 92 மி.மீ. போர். 407-ல் வந்த 497 இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர், 97 மி.மீ. போர். இதை லாரி மாடல் எண்ணோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1210, 1612 என்பவை லாரியின் பெயர்கள். அதில் முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை டன்னில், கடைசி இரண்டு ஏறத்தாழக் குதிரைத்திறன், ஒரு சுழி குறைத்து. 1210 என்றால் 12 டன், 100 குதிரைத்திறன் வகை.

லேலண்டில் கணக்கு வேறு. 370, 400 என்று சொல்லும்போது அது இன்ஜினின் மொத்தக் கொள்ளளவு, கன அங்குலத்தில். 370 கன அங்குலம் என்றால் சுமார் 6 லிட்டர், 400 என்றால் சுமார் 6.5 லிட்டர். பிறகு ஜப்பானின் ஹினோ தொழில்நுட்பத்தில் வந்த இன்ஜின்களும் லேலண்டில் உண்டு. "லேலண்ட் இன்ஜின்" என்று மட்டும் சொல்லி விற்கிறவரிடம் எந்த லேலண்ட் என்று கேளுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். இன்ஜின் எண்ணோடு சி.சி. என்று கொள்ளளவும் அச்சிட்டிருக்கும். 692 இன்ஜினுக்கு 4,788 சி.சி. 697-க்கு 5,675 சி.சி. வெளியே பார்த்தால் இரண்டும் ஆறு சிலிண்டர், ஒரே குடும்பச் சாயல். "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, இது இன்னும் நல்லா இழுக்கும்" என்று தள்ளிவிடுவார்கள். இழுக்கும்தான். ஆனால் பதிவில் இருப்பது ஒரு வகை, வண்டியில் இருப்பது வேறு வகை என்று ஆகிவிடும்.

சந்தேகம் இருந்தால் நீங்களே அளக்கலாம். ஹெட்டைக் கழற்றியிருந்தால் லேத் பட்டறையில் போர் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 697-ன் போர் 97 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 128 மி.மீ. ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.1416-ஆல் பெருக்கி, அதை 12.8 செ.மீ.-ஆல் பெருக்கினால் ஒரு சிலிண்டருக்கு 946 சி.சி. வரும். ஆறுக்கு 5,675. பள்ளியில் படித்த உருளைக் கணக்குதான். போர் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஏற்கெனவே ரீ-போர் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். பிஸ்டன் தலையில் 0.50 என்பது போல ஓவர்சைஸ் அளவு குத்தியிருக்கும். கடைசி ஓவர்சைஸுக்குப் போய்விட்ட பிளாக்கை இன்னொரு முறை போர் பண்ண முடியாது. விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறையுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

நீங்கள் போய்ச் சேரும்போது இன்ஜின் ஏற்கெனவே சூடாக ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டுக் காத்திருங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் உண்மையைச் சொல்லும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வரலாம். குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. சம்ப்பைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால், அடியில் மின்னும் துகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பேரிங் போயிருக்கும்.

2017 ஏப்ரலுக்குப் பிறகு நாடு முழுவதும் பி.எஸ்.-4, 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ்.-6. இந்த வகை இன்ஜின்கள் பல, கணினிப் பெட்டி இல்லாமல் ஓடாது. அந்தப் பெட்டியும் வயரிங்கும் இல்லாமல் வெறும் இன்ஜினை மலிவாகத் தருகிறார்கள் என்றால் அது மலிவே இல்லை.

காகிதம்

கழற்றிய இன்ஜின் ஏதோ ஒரு லாரியில் இருந்திருக்க வேண்டும். அந்த லாரியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். வண்டி முழுசாகப் பிரிக்கப்பட்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55-ன்படி அதன் உரிமையாளர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்திருக்க வேண்டும். அந்த ஆவணத்தின் நகலும், இன்ஜின் எண் எழுதிய ரசீதும் வாங்குங்கள். "ஒரு பழைய இன்ஜின்" என்று பொதுவாக எழுதிய ரசீது பின்னாளில் உங்களுக்கு உதவாது.

அடுத்து, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் இன்ஜின் எண்ணைக் கொடுத்து, திருட்டு வாகனப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு இதைச் செய்யுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-ன்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தெரியாமலே வாங்கியிருந்தாலும் இன்ஜினைக் காவல்துறை கைப்பற்றலாம். கொடுத்த பணத்துக்கு விற்றவரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

பிறகு போக்குவரத்து அலுவலகம். பூதலூர்க்காரர்களுக்கு அது தஞ்சாவூர், டி.என். 49. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 இன்ஜின் மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. மாட்டுவதற்கு முன்பே எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் கேளுங்கள். மாற்றிய 14 நாட்களுக்குள் ஆர்.சி.யுடன் தெரிவித்துப் புது எண்ணைப் பதிய வேண்டும். பத்து அல்லது அதற்கு மேல் போக்குவரத்து வாகனம் வைத்திருப்பவர்களுக்கு, அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை முன் ஒப்புதல் இல்லாமல் மாற்ற மாநில அரசு அனுமதி தரலாம் என்ற விதிவிலக்கும் இந்தப் பிரிவில் இருக்கிறது. ஒற்றை லாரிக்காரருக்கு அது பொருந்தாது. வண்டி ஃபைனான்ஸில் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துச் சம்மதமும் வாங்கிவிடுங்கள். பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம்; பழக்கமில்லை என்றால் அருகிலுள்ள இ-சேவை மையத்தில் கேளுங்கள். எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. இருப்பதால், பதியாத எண் ஒரு வருடத்துக்குள் எப்படியும் வெளியே வந்துவிடும்.

ஜீப்பில் மாட்டலாமா?

இளைஞர்கள் சிலர் இதைக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பழைய ஃபோர்டு கார்களில் பெரிய இன்ஜினை ஏற்றி 'ஹாட் ராட்' என்று ஓட்டுவதை வீடியோவில் பார்த்துவிட்டு, நம் ஊர் ஜீப்பில் லாரி இன்ஜினை ஏற்றினால் என்ன என்று ஆசை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு, பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மேலும் லாரி இன்ஜினின் எடைக்கு ஜீப்பின் முன் ஆக்சிலும் பிரேக்கும் செய்யப்படவில்லை.

வயலில் தண்ணீர் இறைக்க என்று வாங்கினால் வாகனப் பதிவு தேவையில்லை. ஆனால் ஃபில்டர் பாயின்ட்டுக்குச் சிறிய ஆயில் இன்ஜினே போதும். நூறு குதிரைத்திறன் லாரி இன்ஜின் டீசலைத்தான் குடிக்கும். அங்கேயும் எண் எழுதிய ரசீது கட்டாயம், ஏனென்றால் திருட்டு இன்ஜின் வயலில் நின்றாலும் திருட்டு இன்ஜின்தான்.

இன்னொன்று. உங்கள் லாரியிலிருந்து கழற்றிய பழைய இன்ஜினைக் காயலான் கடைக்குப் போடும்போதும், அதன் எண்ணையும் தேதியையும் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை அந்த எண் உங்கள் ஆர்.சி.யில் இருந்த எண்.