முட்டு வரும்போது வயிற்றையும் பாருங்கள்

முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா பற்றி எழுதும்படி வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். மருந்துகளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டதால், நாம் இம்முறை மூச்சுவிடும் தசைகளைப் பற்றிப் பார்ப்போம். குதிரையிலிருந்து தொடங்கினால் விளங்குவது இலகு.

மூடிய லாயத்தில் பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைத் தின்னும் குதிரைகளுக்கும் முட்டு வருவதுண்டு. தூசியினால் சுவாசக் குழாய்கள் சுருங்கும், சளியும் அடைக்கும். அப்போது மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கடினம். குதிரை வயிற்றுத் தசைகளை இறுக்கிக் காற்றைத் தள்ளும். மாதக்கணக்கில் இப்படி உழைத்த தசை தடித்து, விலாவின் கீழோரமாக ஒரு கோடுபோலத் தெரியும். தானும் ஆஸ்துமாவால் அவதிப்பட்ட இங்கிலாந்து வைத்தியர் ஜோன் புளோயர், இப்படி மூச்சு முட்டிய பெண் குதிரையொன்றை அறுத்துப் பார்த்து, அதன் சுவாசப்பை காற்றால் உப்பியிருந்ததை 1698இல் எழுதிவைத்தார்.

உப்புவது ஏன்? உள்ளே போன காற்று முழுதாக வெளியேறுமுன் அடுத்த மூச்சு தொடங்கிவிடுகிறது. இதில் ஒரு நன்மையும் உண்டு: சுவாசப்பை விரிந்தால் குழாய்களும் சற்று விரியும். ஆனால் குடைபோல வளைந்திருக்க வேண்டிய பிரிமென்றகடு தட்டையாகிவிடும். பொத்திய கையை இன்னும் பொத்தச் சொன்னால் எவ்வளவு முடியும்? அந்த நிலைதான் அதற்கு. ஆகவே கழுத்துத் தசைகளும் விலாக்களுக்கு இடையிலுள்ள தசைகளும் உதவிக்கு வருகின்றன. சிறுபிள்ளைகளின் நெஞ்சுக்கூடு மென்மையானது. அதனால் விலாவுக்குக் கீழும் தொண்டைக் குழியிலும் தோல் உள்ளே இழுபடும். சட்டையைக் கழற்றிப் பார்த்தால்தான் இது தெரியும்.

இந்த உதவியெல்லாம் விழித்திருக்கும்போதுதான் நன்றாக நடக்கிறது. மயக்க மருந்து கொடுத்த விலங்குகளில், அடைப்பை எதிர்த்து உழைக்கும் இந்த வேகம் குறைந்துவிடும். கனவு காணும் நித்திரையிலும் விலாத் தசைகள் தளர்ந்துவிட, பிரிமென்றகடு ஏறக்குறையத் தனியே வேலை செய்கிறது. எனவே முட்டு உள்ள பிள்ளைக்கு நித்திரை வரப்பண்ணும் தடிமன் பாணிகளைக் கொடுக்காதீர்கள். ஆவி பிடிப்பதும் தைலம் பூசுவதும் சுருங்கிய குழாயைத் திறக்கமாட்டா.

எங்களுக்கு மிகவும் பயமூட்டும் வசனம் இதுதான்: "இழுப்புச் சத்தம் குறைஞ்சிட்டுது, பிள்ளையும் களைச்சுப் படுத்திட்டுது, விடியக் காட்டுவம்." காற்று ஓடினால்தான் சத்தம் வரும். பிள்ளை சோர்ந்திருக்க, சத்தமும் அடங்கினால், தசைகள் தோற்றுக்கொண்டிருக்கின்றன என்று கொள்ளுங்கள். அதுபோல ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டாலும், உதடு நீலமானாலும் உடனே 000 அழையுங்கள்.

மற்றப்படி, நோயாளியை நிமிர்த்தி இருத்துங்கள். நீலநிற பம்பை ஸ்பேசரில் பொருத்தி ஒருமுறை அழுத்தி, 4 மூச்சு எடுக்கவிடுங்கள். இப்படி 4 தடவை. 4 நிமிடம் பொறுத்தும் குறையாவிட்டால் திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகும் குறையாவிட்டால் 000தான். அம்புலன்ஸ் வரும்வரை 4 நிமிடத்துக்கு ஒருமுறை தொடருங்கள்.

மெல்பேர்ணில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2016 நவம்பர் 21 மாலை வந்த இடிமழையில் ரை புல்லின் மகரந்தம் வெடித்துப் பரவி, 10 பேர் இறந்தார்கள். வைத்தியசாலைகளுக்கு ஓடியவர்களில் ஆசியப் பின்னணியுடையோர் கணிசமாக இருந்தார்கள். பலருக்கு முன்பு ஆஸ்துமாவே இல்லை, வசந்தகாலத் தும்மல் மட்டுந்தான். உங்களுக்கும் அந்தத் தும்மல் இருந்தால் செப்டெம்பருக்கு முன்பே குடும்ப வைத்தியருடன் கதையுங்கள். நீல பம்பை மருந்துச் சீட்டு இல்லாமலே மருந்தகத்தில் வாங்கலாம்.