அரைஞாண்கயிறு சொல்வதை எடைமெஷின் சொல்லாது

சிறுநீர்ப்பைப் புற்று தசைச்சுவருக்குள் இறங்கிவிட்டால், முடிந்தவரை கீமோ கொடுத்துவிட்டுப் பையை எடுத்துவிடுவது வழக்கமான சிகிச்சை. இடையில் இரண்டு மூன்று மாதம் போகும். சாப்பாட்டைக் கவனிக்க வேண்டிய காலம் அதுதான். பெரும்பாலும் கோட்டைவிடப்படுவதும் அதுவே.

2014இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், பை நீக்கப்பட்ட 205 பேரின் சி.டி. ஸ்கேனில் மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளந்தார்கள். தசை குன்றியவர்களில் ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தோர் 39 விழுக்காடு, மற்றவர்களில் 70. நன்றாகச் சாப்பிட்டால் ஆயுளும் இதே அளவு கூடும் என்று இதை வைத்துக் கணக்குப் போட முடியாது. நோயின் கடுமையே தசையைக் கரைத்திருக்கலாம். ஆனாலும் தசை வலுவாக இருப்பவர் அறுவையையும் கீமோவையும் நன்றாகத் தாங்குகிறார்.

எடைமெஷினை மட்டும் நம்பக் கூடாது. கால்வீக்கத்தின் நீரும் கொழுப்பும் தசை இழப்பை மறைத்துவிடும். தொந்தி அப்படியே இருக்கத் தொடை சூம்பியவர்கள் உண்டு. அரைஞாண்கயிறு தளர்வது, தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாதது எல்லாம் முன்னறிவிப்புகள். இரு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். வளையம் தொளதொளத்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரியானாலும் நோயாளிக்குத் தூக்குவாளியில் வருவது கஞ்சியும் ரசம் சாதமும்தான். தொண்டையில் சுகமாக இறங்கும். புரதம் மட்டும் சொற்பம். புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராம். குமட்டலோடு மூன்று வேளை இலை போட்டு உண்பது நடக்காத காரியம். ஆறு தடவையாகப் பிரித்துக் கொடுக்கலாம். கூடவே தினமும் கொஞ்சம் நடை வேண்டும். படுத்த உடம்பில் புரதம் தசையாகாது.

கட்டி சிறுநீர்ப்பாதையை அடைத்துச் சிறுநீரகம் பழுதாகியிருந்தால் இந்தக் கணக்கே மாறும். ஆகையால் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கும் நாளிலேயே, கிரியாட்டினின் சீட்டோடு டயட்டீஷியனையும் பார்த்துவிடுங்கள்.