பிளாஸ்டிக் வலையில் ஒரு ஓட்டு வீடு

(ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி எழுதியது)



கிராஸ் ஸ்டிச் எல்லோருக்கும் தெரியும். மேட்டி துணியில் பூ, வாத்து, 'நல்வரவு' எல்லாம் போட்டு ஃபிரேம் மாட்டுவோம். அதே பெருக்கல் குறித் தையலை பிளாஸ்டிக் வலையில் போட்டால் சுவர் மாதிரி விறைப்பாக நிற்கும். நாலு சுவரையும் சேர்த்துத் தைத்தால் வீடே வந்துவிடும். அதைத்தான் இந்த மாதம் எழுதப் போகிறேன். நான் ஒரு ஷீட்டை வீணாக்கித்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் வீணாக்க வேண்டாம்.

நான் செய்தது எங்க ஆயா வீடு. முடிச்சூரில் இருந்த ஓட்டு வீடு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வந்தப்போ எனக்கு நாலு வயசு. தண்ணி வடிஞ்ச பிறகு பக்கத்துச் சுவர் உட்கார்ந்து போச்சு, அப்புறம் வீட்டையே இடிக்க வேண்டியதாயிற்று. ஆல்பம் முழுக்க ஊறி ஒட்டிக்கொண்டதால் அந்த வீட்டின் போட்டோ ஒன்றுகூட இல்லை. அதனால் ஆயா வாயால் சொன்னதுதான் என் மாதிரிப் படம்.

முதலில் பொருள். பிளாஸ்டிக் கேன்வாஸ் ஷீட் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாவும் நானும் எலக்ட்ரிக் டிரெயினில் பீச் ஸ்டேஷன் வரைக்கும் போய், பாரிமுனையில் வாங்கினோம். (பீச் – தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-இல். ஜி.கே.வுக்கு உதவும்!) கேட்கும்போது "ஒரு இஞ்சுக்கு ஏழு ஓட்டை" என்று சொல்லிக் கேளுங்கள். பத்து ஓட்டை, பதினாலு ஓட்டை ஷீட்டும் உண்டு, அதற்கு மெல்லிய நூல் வேண்டும், கண்ணும் வலிக்கும். நான் வாங்கிய ஷீட்டில் அகலம் 70 ஓட்டை, நீளம் 90 ஓட்டை. அப்புறம் உல்லன் நூல், முனை மழுங்கிய பெரிய காது ஊசி, கத்தரிக்கோல், கட்டம் போட்ட கணக்கு நோட்டு. நூல் மெல்லிசாக இருந்தால் இரட்டையாகக் கோர்க்கவும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பல்லிளிக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். ஓட்டையை எண்ணுவதா, கம்பியை எண்ணுவதா? நான் ஒரு சுவருக்கு ஓட்டையை எண்ணினேன், இன்னொன்றுக்குக் கம்பியை எண்ணினேன். 30 ஓட்டை உள்ள துண்டில் ஓரத்தையும் சேர்த்து 31 கம்பி இருக்கும். அதனால் ஒரு சுவர் குட்டையாகி மூலை சேரவே இல்லை. எப்போதும் ஓட்டையை மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு தையலும் இரண்டு கம்பி குறுக்கே சேரும் முடிச்சின் மேல் விழும். அதனால் 30-க்கு 16 ஓட்டைச் சுவரில் 29 x 15 = 435 பெருக்கல் குறி வரும். ஓரக் கம்பியில் குறி போடக் கூடாது, அது சுவர்களைச் சேர்ப்பதற்கு.

வெட்டும்போது கம்பியின் மேல் வெட்டாதீர்கள். அடுத்த வரிசை ஓட்டையின் நடுவில் வெட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை நறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் நூல் சிக்கிப் பிய்யும். அதனால் இரண்டு துண்டுக்கு நடுவில் ஒரு வரிசை வீணாகும். நான் முதல் தடவை அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கூரைக்கு வருவோம். வீட்டின் அகலம் 24 ஓட்டை. நடுவில் முகடு, ஆக ஒரு பக்கம் 12. அதனால் கூரைத் துண்டையும் 12 என்று வெட்டிவிட்டேன்! இரண்டு பக்கமும் எட்டாமல் நடுவில் வானம் தெரிந்தது. சாய்ந்து போகும் கோடு நேர்க்கோட்டைவிட நீளம் என்று பிதாகரஸ் பாடத்தில் மனப்பாடமாகச் சொல்வேன், கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது ஞாபகம் வரவில்லை.

கணக்கு டீச்சர்தான் 12-க்கு 9 உயரம் வைக்கச் சொன்னாங்க. 144 + 81 = 225, அதன் வர்க்கமூலம் 15. மிச்சம் மீதி இல்லாத எண். ஓட்டையைப் பாதியாக வெட்ட முடியாது இல்லையா, அதனால் 3, 4, 5 விகிதம் இந்த வேலைக்கு ரொம்ப வசதி. வர்க்கமூலம் வராதவர்களுக்கு இன்னொரு வழியும் சொன்னாங்க: பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, சின்னப் பக்கத்தின் பாதியைக் கூட்டு. 12-இல் கழித்தால் 10.5, அதோடு 4.5, சரியாக 15! ஆனால் இதை எல்லாவற்றுக்கும் நம்பாதீர்கள். 10, 10 என்று போட்டால் 13.75 வருகிறது, உண்மையில் 14.14 வரணும்.

முக்கோணச் சுவரைச் சாய்வாக வெட்ட முடியாது, படிக்கட்டு மாதிரிதான் வெட்டணும். 24 ஓட்டை அகலத்தில் 16 வரிசை நேராக விட்டு, அதற்கு மேல் வரிசைக்கு 20, 18, 16, 12, 10, 8, 4, 2 என்று குறைத்தேன். கூரை மூடிவிடுவதால் படி தெரியாது.

என் நோட்டில் வரைந்த வீட்டைப் பார்த்து ஆயா சிரிச்சாங்க. "ஏம்மா, இது யார் வீடு? வாசல் என்ன முக்கோணத்துப் பக்கம் இருக்கு?" கடையில் தொங்கும் வெளிநாட்டு மாதிரிப் படங்களில் கதவு அந்தப் பக்கம்தான், புகைபோக்கியும் உண்டு. நம்ம ஊர் ஓட்டு வீட்டில் கூரை சாயும் பக்கம் வாசல், இரண்டு புறமும் திண்ணை. அதனால் கதவை 30 ஓட்டைச் சுவருக்கு மாற்றினேன். நடுவில் கதவு 6, இந்தப் பக்கம் திண்ணை 12, அந்தப் பக்கம் 12. திண்ணையின் அகலம் 5, உயரம் 4. மழையில் திண்ணை நனையக் கூடாது என்று முன் கூரையை 15 + 7 = 22 ஓட்டை ஆக்கினேன், பின்கூரை 18 போதும். அப்படி நீட்டினால் இறவாணம் தாழ்ந்து கதவின் உயரத்துக்கே வந்துவிடுகிறது. தப்பு பண்ணிட்டேனோ என்று பயந்தேன். ஆயா, "ஆமா, உங்க தாத்தா குனிஞ்சுதான் உள்ள வருவாரு" என்றாங்க.

எல்லாத் துண்டும் ஒரே ஷீட்டில் அடங்கும். முக்கோணச் சுவர் இரண்டு பக்கத்தில் பக்கத்தில், அடுத்து நீளச் சுவர் இரண்டு, அடுத்து கூரை (நீளம் 34, இரு முனையிலும் 2 ஓட்டை வெளியே நிற்கும்), கடைசியில் 30-க்கு 24 தரை. மொத்தம் 89 வரிசை, ஷீட்டில் இருப்பது 90! தரைக்குப் பக்கத்தில் மிஞ்சும் துண்டில் திண்ணை.

தைக்கும்போது முடிச்சுப் போடாதீர்கள். நூல் முனையைப் பின்னால் பிடித்து, அடுத்த நாலைந்து தையல் அதன் மேல் போகும்படி செய்தால் போதும். முதலில் ஒரு வரிசை முழுக்கச் சாய்வுக் கோடு, திரும்பி வரும்போது எதிர்ச் சாய்வு. மேலே விழும் கோடு எல்லாமே ஒரே பக்கம் சாயணும். மின்வெட்டு அன்று நான் போட்ட ஆறு வரிசை திரும்பி நிற்கிறது, வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடம் மட்டும் திட்டு. ஓட்டுக்குச் செங்கல் நிற நூல், மூன்று வரிசைக்கு ஒன்று கறுப்பு கலந்த சிவப்பு.

எல்லாம் தட்டையாக இருக்கும்போதே தைத்து முடிக்கணும், பெட்டியான பிறகு கை நுழையாது. சேர்க்கும்போது இரண்டு ஓரத்தையும் ஒட்டிப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை ஊசியை விட்டுச் சுற்றித் தைக்கவும், மூலையில் மூன்று தடவை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் சுற்றுலா போனோமே, ஞாபகம் இருக்கிறதா? 1996-இல் திறந்தது. அங்கே செட்டிநாட்டு வீடு மாதிரி பழைய வீடுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பொருத்தியிருக்கிறார்கள் என்று சொன்னாங்களே, அன்றைக்கு எனக்கு நம்பிக்கை வரவில்லை. இப்போது வருகிறது.

கூரையில் முகட்டையும் முன் சுவரையும் மட்டும் தைத்தேன். பின்கூரை மூடி மாதிரித் திறக்கும், தாழ்ப்பாளுக்கு ஒரு பட்டன்.

வீடு இப்போது சயின்ஸ் ரூம் அலமாரியில் இருக்கிறது, வந்து பாருங்கள், ஆனால் கூரையைத் தூக்கிப் பார்க்காதீர்கள், நூல் தளர்கிறது. இந்த வாரம் மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். ஆயா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொல்லைப்பக்கக் கதவு எங்க? கெணத்துக்கு எப்படிப் போவேன்?" என்று கேட்டாங்க. பின்சுவர் 435 தையலும் போட்டு முடித்தாச்சு. நடுவில் 5 ஓட்டை அகலத்துக்குப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.