வேளை அறிந்த நாரைகள்

வேதபாடம்: எரேமியா 8:4-7
துணை வாசிப்பு: சங்கீதம் 104:10-18, எபிரெயர் 10:24, 25



எரேமியா தீர்க்கதரிசி யூதா ஜனங்களைத் திருத்த ஆகாயத்துப் பறவைகளைச் சாட்சிக்கு அழைக்கிறார். நாரைக்கும் தகைவிலானுக்கும் தங்கள் வேளை தெரிகிறது, தேவஜனத்துக்குத் தெரியவில்லையே என்பது அவருடைய துக்கம். முந்தின வசனங்களைக் கவனியுங்கள். விழுந்தவன் எழுந்திருப்பான், வழிதப்பினவன் திரும்புவான். இவர்கள் மட்டும் ஏன் திரும்பவில்லை என்பதே கேள்வி. எபிரெய மொழியில் நாரையின் பெயர் 'ஹசிதா'. மாறாத கிருபையைக் குறிக்கும் 'ஹெசெட்' என்ற சொல்லோடு உறவுடையது அது.

இந்தப் பாடத்தைப் படிக்க நாம் தூரம் போகவேண்டாம். மன்னார்குடி - தஞ்சாவூர் சாலையில் வடுவூர் ஏரி இருக்கிறது. 1999-ல் சரணாலயமானது. 2022-ல் வடுவூரும் நம் மாவட்டத்து உதயமார்த்தாண்டபுரமும் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன.

1. வேளையை அறிகின்றன

கோடியக்கரைக்கு வருகிற கொசு உள்ளான் ஒரு கோழிமுட்டை எடைகூட இல்லாத குருவி. வடதுருவப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வருகிறது. அங்கே குளிர் இறுகி இரை அற்றுப்போகுமுன் புறப்பட்டுவிடுகிறது. 'இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்' என்று தங்கினால் சாவுதான். மனந்திரும்புதலைத் தள்ளிப்போடுகிறவர்களே, இது உங்களுக்கு.

2. ஒரே மரத்தில் கூடுகின்றன

பகலெல்லாம் வயல்வெளியில் தனித்தனியே மேய்ந்தவை, பொழுது சாயும்போது கூட்டமாய் வந்து அடைகின்றன. ஏன்? பல கண்கள் விழித்திருந்தால் பருந்து வருவது முன்னமே தெரியும். இரை கிடைக்காத பறவை மறுநாள் மற்றவற்றின் பின்னே போய் மேய்ச்சலைக் கண்டுகொள்ளும் என்றும் ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள். 'வீட்டிலேயே போனில் ஆராதனை பார்த்துக்கிறேன் பாஸ்டர்' என்கிற விசுவாசியே, நீ சோர்ந்துபோகிற அன்று உன்னை யார் பார்ப்பார்?

நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், வக்கா எல்லாம் ஒரே கருவேலமரத்தில் அடைகின்றன. நாமோ 'அவங்க எந்தத் தெரு?' என்று பார்த்து உட்காருகிறோம். சபைக்குள் இது பாவம். பறவைகளுக்கு முன்பாக வெட்கப்படுவோம்.

இன்னொன்று. எல்லாப் பறவைகளும் அடையும் நேரத்தில்தான் வக்கா இரைதேடிப் புறப்படும். இராத்திரி ஷிப்ட் பார்க்கிற சகோதரனை, ஞாயிறு வரலையே என்று கடிந்துகொள்ளாதிருங்கள். அவருக்கு வசதியான நேரத்தில் இரண்டுபேர் போய் ஜெபியுங்கள்.

3. தண்ணீர் இருக்கிற இடத்துக்கு வருகின்றன

மேட்டூர்த் தண்ணீரும் ஐப்பசி மழையும் ஏரியை நிரப்பினால் பறவைகள் நிறையும். ஏரி வற்றினால் வேறு இடம் போகும். பறவையின்மேல் குற்றமில்லை. திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப்போன நம் பிள்ளைகள் திரும்பி வரும்போது, சபையில் வசனமும் ஜெபமும் அன்பும் நிறைந்திருக்குமா? வராதவர்களைக் குறைசொல்லுமுன் நம் ஏரியின் ஆழத்தைப் பார்ப்போம். எழுப்புதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. போன பிள்ளைகளே, போன இடத்திலும் ஒரு சபையோடு சேர்ந்திருங்கள்.

4. மரத்தைக் காப்பவர்கள் வேண்டும்

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகள் கூடுகட்டும். அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் அவை பயந்து ஓடக்கூடாதென்று பல வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தங்கள் பிள்ளைகளின் ஆசையை அடக்கிப் பறவைக்கு இடங்கொடுக்கிறார்கள். புதிதாய் வந்த ஒரு ஆத்துமா பயந்து ஓடாதபடி, நாம் அடக்கவேண்டிய வெடி எது? பெரும்பாலும் அது நம்முடைய நாவுதான்.

வீட்டில் தியானிக்க:
அ. கர்த்தர் திரும்பச் சொல்லியும் நான் தள்ளிப்போடுகிற காரியம் எது?
ஆ. இந்த மாதம் கூடுகைக்கு வராத ஒரு குடும்பம் எது? எப்போது சந்திப்பேன்?
இ. யாருடைய பக்கத்தில் உட்கார என் மனம் கூசுகிறது?

ஜெபம்: பறவைகளுக்கு வேளையைக் கற்பித்த தகப்பனே, எங்களுக்கும் கற்பியும். வறண்டுபோன எங்களை உமது ஆவியால் நிரப்பும். தூரம்போனவர்கள் திரும்பி வரும்போது அவர்களுக்கு இடம் வைத்திருக்க உதவி செய்யும். இயேசுவின் நாமத்தில், ஆமென். அல்லேலூயா!