யதாசக்தி

சென்ற டிசம்பரில் அன்பர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. வட மாநில நகரம் ஒன்றில் வங்கிப் பணியில் இருப்பவர். தம்முடைய பழைய நாட்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். ஏழு ஆண்டுகளாக ஜனவரி முதல் தேதியன்று ஒரே பட்டியலைத்தான் எழுதி வந்திருக்கிறார்: அதிகாலையில் எழுவேன், ஒரு மணி நேரம் தியானம் செய்வேன், கோபப்பட மாட்டேன், அலுவலகத்தில் கோப்புகளைத் தேங்க விட மாட்டேன். பிப்ரவரிக்குப் பிறகு எந்த நாட்குறிப்பிலும் இவற்றைப் பற்றிய பேச்சே இல்லை. 'எனக்கு நானே கொடுக்கும் வாக்கை நானே நம்பாத நிலைக்கு வந்துவிட்டேன். இந்த ஆண்டு எதுவும் எழுதப் போவதில்லை' என்று கடிதத்தை முடித்திருந்தார்.

புத்தாண்டுத் தீர்மானங்களை வேடிக்கையாகப் பேசுவது வழக்கம். ஆனால் இந்தக் கடைசி வரி வேடிக்கையன்று. தவறிய தீர்மானத்தால் ஏற்படும் இழப்பு ஒரு மணி நேரத் தியானம் மட்டுமல்ல. தன் சொல்லின்மீது ஒருவன் வைத்திருக்கும் நம்பிக்கையும் அதனுடன் போய்விடுகிறது. அது போனபின் எந்தச் சாதனையைத் தொடங்குவது?

தீர்மானத்திற்கு நம் மரபில் வழங்கும் சொல் சங்கல்பம். எந்தப் பூஜையையும் நாம் சங்கல்பத்துடன்தான் தொடங்குகிறோம். அதன் அமைப்பைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்த அயனம், எந்த மாதம், எந்தத் திதி என்று காலம் முதலில் கூறப்படுகிறது. எந்த நாட்டில், எந்த நதிக்கரையில் அமர்ந்திருக்கிறோம் என்று இடம் கூறப்படுகிறது. செய்பவனுடைய கோத்திரமும் பெயரும் வருகின்றன. இவ்வளவுக்கும் பிறகே இன்ன செயலைச் செய்யப் போகிறேன் என்ற உறுதி வருகிறது. அதனுடன் பல இடங்களில் 'யதாசக்தி', அதாவது என் ஆற்றலுக்கு இயன்ற அளவில், என்ற சொல்லும் சேர்க்கப்படுகிறது. இதைச் சடங்கு என்று வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். காலம், இடம், ஆள், செயல், அளவு ஆகிய ஐந்தும் தெளிவாகாமல் எந்தக் காரியமும் தொடங்கப்படக் கூடாது என்பதே இதன் உட்கருத்து. அன்பரின் பட்டியலில் இவற்றில் எத்தனை இருந்தன? 'கோபப்பட மாட்டேன்' என்பதில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. உண்மையில் அது செயலே அன்று. பல செயல்களின் முடிவில் கனியவேண்டிய பலன்.

1915ஆம் ஆண்டு ஹரித்வாரில் கும்பமேளா நடைபெற்றபோது காந்தியடிகள் அங்கே சென்றிருந்தார். தமக்கு உணவளிப்பவர்கள் பலவகைப் பண்டங்களைச் சேகரிக்கச் சிரமப்படுவது அவருடைய மனத்தை உறுத்தியது. 'எளிமையாக உண்பேன்' என்று அவர் விரதம் பூண்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. இந்தியாவில் இருக்கும்வரை இருபத்துநான்கு மணி நேரத்தில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பிறகு உண்பதில்லை என்று இரண்டு விரதங்களை ஏற்றார். எண்ணிப் பார்க்கக்கூடிய எண்ணிக்கை. கண்ணால் காணக்கூடிய எல்லை. ஏற்பதற்கு முன் வரக்கூடிய இடர்களையும் எண்ணிப் பார்த்தார். நோயுற்றால் என்ன செய்வது? மருந்தும் ஐந்தில் ஒன்றாகக் கணக்கிடப்படுமா? கணக்கிடப்படும் என்றே முடிவு செய்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் அந்த விரதங்கள் நிலைத்திருந்ததைச் சுயசரிதையில் குறிப்பிடுகிறார்.

அவருடைய எல்லா விரதங்களும் இவ்வளவு தெளிவாக அமைந்துவிடவில்லை. 1912இல் டால்ஸ்டாய் பண்ணையில் பாலைத் துறந்தார். 1918இல் வயிற்றுக்கடுப்பால் உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தது. விரதம் ஏற்றபோது பசுவும் எருமையுமே மனத்தில் இருந்தன என்பதால் ஆட்டுப்பால் அருந்த இசைந்தார். விரதத்தின் எழுத்து காக்கப்பட்டது, அதன் உட்பொருள் காக்கப்படவில்லை என்று பின்னர் வெளிப்படையாகவே வருந்தினார். ஆயினும் அந்த வருத்தத்தால் விரதங்கள் ஏற்பதையே அவர் கைவிட்டுவிடவில்லை என்பதை நம் அன்பர் கவனிக்க வேண்டும்.

இயன்ற அளவு என்றதும் குறைந்த அளவு என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். இது சோம்பலுக்கு மிகவும் உவப்பான விளக்கம்! 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. அதைச் சீரமைக்க ரயில்வே நிர்வாகம் ஆறு மாதம் குறித்தது; மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் பணியை முடித்தார். கடலில் விழுந்து கிடந்த கர்டர்களையே மீட்டெடுத்துப் பயன்படுத்தியது அதற்குப் பெரிதும் உதவியது. கையிருப்பை அறியாதவன் தன் சக்தியைக் கூட்டியும் மதிப்பிடுவான், குறைத்தும் மதிப்பிடுவான். பின்னாளில் டெல்லி மெட்ரோ பணியின்போது, இன்னும் எத்தனை நாட்கள் உள்ளன என்பதைக் காட்டும் கடிகாரங்களைப் பணியிடங்களில் அவர் வைத்தார். சுமார் 65 கிலோமீட்டர் கொண்ட முதல் கட்டம் 2005இல், குறித்த காலத்திற்கு முன்னரே நிறைவுற்றது. எனினும் அந்த நீளம் முழுவதும் ஒரே நாளில் திறக்கப்படவில்லை. ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரிவரை உள்ள சிறு பகுதியே 2002 டிசம்பரில் முதலில் ஓடத் தொடங்கியது.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எனக்கும் இதில் அனுபவம் உண்டு. ஒரு பெரிய தத்துவ நூலை நாளைக்கு ஐந்து பக்கம் வீதம் ஓராண்டில் முடிப்பதாக ஒருமுறை திட்டமிட்டேன். பொங்கலுக்குள்ளாகவே முப்பது பக்கம் பாக்கி. அந்தப் பாக்கியை நினைத்தாலே பேனாவை எடுக்க மனம் வராது. பிறகு, முந்தைய மூன்று மாதங்களில் நான் உண்மையாகவே எத்தனை பக்கம் எழுதினேன் என்று கணக்குப் பார்த்தேன். நாளொன்றுக்கு ஒன்றேகால் பக்கம்தான் தேறியது. சற்று வெட்கமாகத்தான் இருந்தது. காலை உணவுக்கு முன் ஒரு பக்கம் என்று மாற்றிக்கொண்டேன். நூல் முடியத் திட்டமிட்டதைவிட நெடுங்காலம் ஆயிற்று, ஆனால் முடிந்தது.

அன்பருக்கு எழுதிய பதிலில் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டிருந்தேன். கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் உண்மையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? கோபம் எந்த நேரத்தில், யாரிடம் வருகிறது? கோப்புகள் தேங்குவதில் உங்கள் கையில் இருப்பது எவ்வளவு, பிறர் கையில் இருப்பது எவ்வளவு?

மார்ச் இறுதியில் பதில் வந்தது. ஆறரைக்கு எழுபவர் நான்கரைக்கு எழ முயன்றுவந்திருக்கிறார். இப்போது ஆறு மணி, தியானம் பதினைந்து நிமிடம். கோபம் பெரும்பாலும் மாலையில், வீட்டிற்குள் நுழைந்ததும், பள்ளியில் படிக்கும் மகனிடம் வருகிறதாம். ஆகவே வந்தவுடன் கைகால் கழுவி, பத்து நிமிடம் தனியாக அமர்ந்த பிறகே மகனிடம் பேசுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறார். கோப்புகளில், தம் மேஜைக்கு வந்தவற்றுள் மிகப் பழைய ஒன்றை நாள்தோறும் முதலில் முடித்து அனுப்புகிறார். கடிதத்துடன் நாட்குறிப்பின் நகல் ஒன்றையும் வைத்திருந்தார். மூன்று மாதங்களில் பத்து நிமிடம் அமராமல் போன நாட்கள் பத்தொன்பது. ஒவ்வொன்றின் எதிரிலும் தேதியும் காரணமும் இருந்தன. மார்ச்சுப் பக்கத்திலும் எழுத்து தொடர்ந்திருந்தது.